காரைக்குடியில் பொருத்திய ஏர் கம்ப்ரசர்: தார் வண்டிக்கான காற்று அமைப்பு, ஒரு மதிப்பீடு

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் நிலையாகப் பொருத்தும் ஏர் கம்ப்ரசரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டிக்குள் வரும் இயந்திரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்றுத் தள்ளுகிறது, என்ன விலை, எவ்வளவு சத்தம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அந்த இயந்திரம் அமைப்பின் பாதிதான். பேட்டரியிலிருந்து அதற்குப் போகும் கம்பி, அதை உட்கார வைக்கும் இடம், காற்று வெளியேறும் குழாயின் மூட்டுகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மறுபாதி. அந்தப் பாதியை உள்ளூர்ப் பட்டறையில் நாம்தான் செய்துகொள்ள வேண்டும். மகிந்திரா நிறுவனம் 2020-இல் வெளியிட்ட புதிய தார் டீசல் வண்டியில், ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் இரட்டை மோட்டார் கம்ப்ரசரைக் காரைக்குடிப் பட்டறை ஒன்றில் பொருத்தி, கோடை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் பயன்படுத்திப் பார்த்த பின் எழுதும் இந்த மதிப்பீட்டில், அந்த மறுபாதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

செட்டிநாட்டில் இதற்கு என்ன தேவை என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே மலையேற்றமும் பாலைவனமும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தோப்புக்கும் புஞ்சைக்கும் போகும் பாதை பெரும்பாலும் கண்மாயின் உள்வாய் வழியாகவே போகிறது. கோடையில் அது பொடிமண்ணாகவும், மழைக்குப் பிறகு காலை இழுக்கும் சேறாகவும் மாறிவிடுகிறது. மணிமுத்தாறு, பாம்பாறு ஆகியவற்றின் வறண்ட படுகைகளும், கிழக்கே ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரக்கூடிய தொண்டிக் கடற்கரைப் பக்கமும் மணற்பரப்புகள். அத்தகைய தரையில் வண்டியை நகர்த்துவது எஞ்சினின் வலிமையைவிட டயரின் அழுத்தத்தைப் பொறுத்தது. 30 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் உருண்டையாக நிற்கும் டயர் மணலைத் தோண்டிக்கொண்டு இறங்கும். அதையே 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தரையோடு படியும் நீளம் கூடி, வண்டி மணலின் மேலேயே மிதந்து போகும். அதற்கும் கீழே வெகுவாக இறக்கினால், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

காற்றை இறக்குவதற்கு ஒரு சிறு கருவி போதும். திரும்ப நிரப்புவதில்தான் சிக்கல் இருக்கிறது. அழுத்தம் குறைந்த டயரோடு திருச்சி–இராமேசுவரம் நெடுஞ்சாலையில் ஏறி வேகமாக ஓட்டினால், பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, உள்ளிருக்கும் இழைகள் அறுந்து டயர் வெடிக்கக்கூடும். அருகிலுள்ள பெட்ரோல் பங்க் வரை மெதுவாக ஊர்ந்து போகலாம் என்ற எண்ணம் காகிதத்தில் சரியாகத் தோன்றினாலும், இருட்டிய பிறகு பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்தோ தேவகோட்டைக்குக் கிழக்கேயிருந்தோ அப்படி ஊர்ந்து வருவது யாருக்கும் பாதுகாப்பல்ல. இவற்றோடு சீமைக்கருவேல முள்ளும் சேர்ந்துகொள்கிறது. வெட்டிப் போட்ட கருவேலங்கொம்பு கிடக்கும் பாதையில் ஒருமுறை போய் வந்தால், டயரில் எத்தனை முள் ஏறியிருக்கிறது என்பது மறுநாள் காலையில்தான் தெரியும். முள் ஏறிய டயர் உடனே இறங்குவதில்லை. கசிந்து கசிந்து இறங்குகிறது. வண்டியிலேயே காற்று இருந்தால் அந்தக் கசிவோடு வீடு வந்து சேர்ந்து, நிதானமாக ஒட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ள முடியும். தாரின் ஒரு வகையில் வரும் 245/75 ஆர் 16 அளவு டயரின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 65 லிட்டர். 15 பி.எஸ்.ஐ. என்பது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம். ஆகவே 15-லிருந்து 30-க்கு ஏற்ற, ஒவ்வொரு டயருக்கும் அதன் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று, அதாவது சுமார் 65 லிட்டர் தேவை. நான்கு டயர்களுக்கும் 260 லிட்டர். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் படித்தால் பல விஷயங்கள் தெளிவாகும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படுவது பெரும்பாலும் அழுத்தமே இல்லாத நிலையில் வெளியேறும் காற்றின் அளவு. நமக்கு வேண்டியது 30 பி.எஸ்.ஐ. எதிரழுத்தத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்பதுதான். ஏ.ஆர்.பி. இந்த இரண்டையும் வெளியிடுகிறது: இரட்டை மோட்டார் வகை எதிரழுத்தம் இல்லாதபோது நிமிடத்துக்கு 174 லிட்டரும், 29 பி.எஸ்.ஐ.யில் 132 லிட்டரும் தருகிறது. ஒற்றை மோட்டார் வகை 29 பி.எஸ்.ஐ.யில் சுமார் 51 லிட்டர் தருகிறது. கணக்குப்படி இரட்டை மோட்டாருக்கு இரண்டு நிமிடம், ஒற்றை மோட்டாருக்கு ஐந்து நிமிடம். குழாயின் தடையும் மூட்டுகளின் இறுக்கமும் சேர்ந்து நடைமுறையில் இதைக் கூட்டும் என்றாலும், ஒப்பிடுவதற்கு இது நேர்மையான அடிப்படை.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் லைட்டர் துளையில் செருகும் சிறிய கம்ப்ரசர்கள் அந்தத் துளையின் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸுக்குக் கட்டுப்பட்டவை. நகரத்துக் காருக்கு அவை போதும், இவ்வளவு பெரிய டயர் நான்குக்குப் போதாது. பேட்டரியில் கவ்வி மாட்டிப் பயன்படுத்தும் கையடக்க வகைகளில் தரமானவை உண்டு. வெளியே எடுத்து, விரித்து, திரும்ப மடித்து வைக்கும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு அவை நல்ல தேர்வு. பழைய ஜீப்புகளில் ஏ.சி. கம்ப்ரசர் ஒன்றை எஞ்சினின் பெல்ட்டில் மாட்டிக் காற்றுக்காகப் பயன்படுத்தும் முறை இன்னொன்று. காற்றின் அளவில் அதற்கு இணை இல்லை. ஆனால் தனக்கென எண்ணெய்த் தொட்டி கொண்ட யார்க் வகைக்குத்தான் அது இயல்பாகப் பொருந்தும். இன்றைய கார்களில் வரும் வகைகள் குளிர்வாயுவோடு கலந்து சுற்றும் எண்ணெயை நம்பியிருப்பவை. அவற்றில் காற்றை மட்டும் ஓட்டினால் எண்ணெய் வற்றி உள்ளுறுப்புகள் தேய்ந்துவிடும். புதிய வண்டியின் எஞ்சின் அறையில் அதற்கு இடம் தேடுவதும் வீண் வேலை.

மெல்பர்னில் 1975-இல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.பி., தன் காற்றால் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்கருக்கு (ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டுக்கு) காற்றுத் தருவதையும் டயர் நிரப்புவதையும் சேர்த்தே இந்தக் கம்ப்ரசர்களை அமைத்திருக்கிறது. தாரின் உயர் வகைகளில் பின் அச்சில் வரும் லாக்கர் இயந்திர முறையில் வேலை செய்வது. அதற்குக் காற்று தேவையில்லை. ஆகவே நாம் இதில் பார்க்க வேண்டியது டயரை மட்டுமே. இயந்திரத்தின் உள்ளே எண்ணெய் கிடையாது. பிஸ்டனின் அடைப்பு வளையங்கள் எண்ணெயில்லாமல் ஓடும் பொருளால் ஆனவை. இதைத் தெரியாமல் சில பட்டறைகளில் ‘கொஞ்சம் ஆயில் விட்டால் நல்லா ஓடும்’ என்று காற்று உள்ளிழுக்கும் துளையில் எண்ணெய் விடுவார்கள். அதை அனுமதிக்கக் கூடாது. எண்ணெயில் செம்மண் தூசி ஒட்டி அரைக்கும் பசையாகி, வளையத்தையும் உருளையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். மோட்டாருக்குள்ளேயே வெப்பப் பாதுகாப்பு இருப்பதும், வடிகட்டியைக் கழுவித் திரும்பப் பயன்படுத்த முடிவதும் நல்ல அம்சங்கள்.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. பெரும்பாலோர் எஞ்சின் அறையிலேயே வைக்கிறார்கள். பேட்டரி அருகில் இருக்கிறது, கம்பி குறைவு, பானட்டைத் திறந்தால் குழாய் கைக்கு எட்டுகிறது என்ற அவர்களுடைய காரணங்கள் எல்லாம் சரியானவை. ஆனால் 12 வோல்ட் கம்ப்ரசர்களின் ஓட்டக் காலத்தைக் குறிப்பிடும்போது, அந்த எண் எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதையும் படிக்க வேண்டும். உதாரணமாக, வயேர் நிறுவனம் தன் 400 வரிசைக் கம்ப்ரசர் ஒன்றுக்குத் தரும் 33 விழுக்காடு என்ற ஓட்ட அளவு (மொத்த நேரத்தில் ஓய்வில்லாமல் ஓடக்கூடிய பங்கு) 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்திலும் 22 டிகிரி செல்சியஸ் வெளிவெப்பத்திலும் கணக்கிடப்பட்டது. டயரை 30 பி.எஸ்.ஐ.க்கு மட்டும் நிரப்பும்போது சுமை குறைவு என்பது நமக்குச் சாதகம். ஆனால் சித்திரை வெயிலில் காரைக்குடியில் வெளியிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது. மணலில் முதல் கியரில் உறுமி வந்த வண்டியின் எஞ்சின் அறைக்குள் அதைவிட மிக அதிகம். அந்தச் சூட்டில் பிறந்து அந்தச் சூட்டையே உள்ளிழுக்கும் கம்ப்ரசரிடம் பட்டியலில் உள்ள எண்ணை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நான் அதைப் பின் இருக்கைக்குப் பின்னே, பொருள் வைக்கும் இடத்தின் இடப்பக்கம், லேத்துப் பட்டறையில் 5 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்வித்த தாங்கியின் மேல் ரப்பர் புஷ் கொடுத்துப் பொருத்தச் சொன்னேன். பெட்டி வைக்கும் இடம் கொஞ்சம் போனது. சத்தம் வண்டிக்குள் கேட்கிறது. இரண்டும் ஏற்கத்தக்க விலை என்றே நினைக்கிறேன்.

அந்த முடிவால் கம்பி நீண்டது. முழு வேலையிலும் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். இரட்டை மோட்டார் முழுச் சுமையில் 50 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது. 12 வோல்ட் அமைப்பில் அந்த அளவு மின்னோட்டத்துக்கு ஒவ்வொரு மீட்டர் கம்பியும் கணக்கில் வரும். தேவகோட்டை நண்பர் ஒருவர், தன் வண்டியில் இருந்த வேறொரு நிறுவனத்தின் ஒற்றை மோட்டார் கம்ப்ரசர் வரவரச் சோர்ந்து போவதாகச் சொல்லி, புதிதாக வேறு வாங்கும் முடிவுக்கே வந்திருந்தார். பட்டறையின் மின்பணியாளர் எஞ்சினை ஓடவிட்டு அளந்தபோது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தது. கம்ப்ரசரின் முனையில் 11 வோல்ட்டுக்கும் குறைவு. ‘மோட்டார் நல்லா இருக்குண்ணே, கம்பியத்தான் மாத்தணும்’ என்றார் அவர். கம்பியையும் எர்த் இணைப்பையும் மாற்றியதோடு அந்தக் கம்ப்ரசர் மறுபடி உயிர்பெற்றது. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரின் சுழற்சி குறையும். சுழற்சி குறைந்தால் நிரப்பும் நேரம் கூடும். நேரம் கூடினால் சூடு கூடும். சூட்டினால் மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்போது பழி இயந்திரத்தின் மேல் விழுகிறது.

செம்பின் மின்தடையை வைத்து இதைக் கணக்கிடலாம். ஒரு சதுர மி.மீ. குறுக்களவுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம். பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை வளைந்து வளைந்து போக நான்கு மீட்டர், திரும்பி வர நான்கு மீட்டர் என எட்டு மீட்டர் வைத்துக்கொண்டால், 6 சதுர மி.மீ. கம்பியில் 50 ஆம்பியருக்கு ஒரு வோல்ட்டுக்கும் மேல் வழியிலேயே தொலைந்துவிடும். 25 சதுர மி.மீ. கம்பியில் அது 0.28 வோல்ட் மட்டுமே. ஏ.ஆர்.பி. பெட்டியோடு ஒயரிங், ரிலே, 40 ஆம்பியர் ஃபியூஸ்கள், சுவிட்ச் எல்லாம் வருகின்றன. அவற்றின் தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. பேட்டரிக்கு அருகில் பொருத்துகிறவர்களுக்கு அதுவே போதும். நீட்டிப் போடுகிறவர்கள் அந்த ஒயரிங்கைக் கம்ப்ரசர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து அதுவரை தடித்த கேபிளைத் தனியாக இழுக்க வேண்டும்.

தடித்த கேபிளைக் கார் ஆடியோ கடைகளில் வாங்குவதில் ஓர் ஆபத்து உண்டு. அங்கே பளபளப்பாகத் தொங்கும் கேபிள்களில் பல அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. அவற்றின் கடத்துந்திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கையில் எடுத்தால் எடையும் குறைவாக இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் வெல்டிங் கேபிள் இதைவிடப் பன்மடங்கு நல்லது. வாங்கும்போதே சுரண்டிப் பார்த்து, மெல்லிய செம்பிழைகளால் ஆனதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் ரப்பர் உறை டீசலையும் எண்ணெயையும் அதிகம் தாங்காது என்பதால், எஞ்சின் அறைப் பகுதியில் நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, உலோகத் தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போட வேண்டும். முனைகளைச் சுத்தியால் தட்டி நசுக்காமல் ஹைட்ராலிக் கருவியால் நசுக்கி, உட்பசையுள்ள சுருங்கு குழாயால் மூடச் சொல்லுங்கள். தொண்டிப் பக்கத்து உப்புக்காற்று பட்டால், மூடாத செம்பு முனை விரைவில் பச்சை பிடித்துவிடும்.

எர்த் இணைப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தார் வண்டியின் உடல் ஏணிச் சட்டத்தின் மேல் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. பின்பக்க உடல் தகட்டில் ஒரு துளை போட்டு எர்த் கொடுத்தால், அந்த 50 ஆம்பியர் பேட்டரிக்குத் திரும்பும் வழி, உடலையும் சட்டத்தையும் எஞ்சினையும் இணைக்கும் தொழிற்சாலைப் பட்டைகள் வழியாகத்தான். அவை இந்தக் கூடுதல் சுமையை மனத்தில் வைத்துப் போடப்பட்டவையல்ல. ஆகவே திரும்பும் வழிக்கும் அதே 25 சதுர மி.மீ. கேபிளை இழுத்து, பேட்டரியின் எர்த் கம்பி சட்டத்தில் சேரும் இடத்துக்கு அருகில், பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டால் இறுக்கினோம். பேட்டரியின் எதிர்முனையிலேயே நேராக மாட்டாததற்குக் காரணம் உண்டு: பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகள் சிலவற்றில் அந்த முனையில் பேட்டரியின் நிலையை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டி இணைத்தால் அளவு தவறாகிவிடும். நேர்முனைக் கேபிளின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை. அதைக் கம்ப்ரசர் பக்கத்தில் மட்டும் போட்டால், இடையில் உறை கிழிந்து சட்டத்தில் உரசும் கேபிள் எரிவதைத் தடுக்க எதுவும் இருக்காது.

சுவிட்சுக்குப் போகும் மெல்லிய கம்பியைச் சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து எடுப்பது நல்லது. இந்த அமைப்பில் அழுத்த சுவிட்ச் ஒன்று உண்டு. குழாயில் அழுத்தம் 150 பி.எஸ்.ஐ.யை எட்டினால் கம்ப்ரசரை நிறுத்தி, 135-க்கு இறங்கினால் மீண்டும் ஓட்டும். எங்காவது ஒரு மூட்டில் சிறு கசிவு இருந்து, சுவிட்சும் போட்டபடியே இருந்துவிட்டால், வண்டி நிற்கும் இடத்தில் இரவெல்லாம் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடிப் பேட்டரியைக் காலி செய்துவிடும். சாவியோடு இணைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. நிரப்பும்போது எஞ்சினை ஓடவிடுவது கட்டாயம். ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு மேல் வைத்தால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் தாராளமாகத் தருகிறது.

குழாய்களுக்கு வருகிறேன். கம்ப்ரசரின் தலையிலிருந்து வரும் காற்று கை வைக்க முடியாத சூட்டில் வரும். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் நீல நிற பி.யூ. (பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) குழாயை அங்கே நேராக மாட்டினால், சூட்டில் இளகி மூட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். முதல் ஒரு மீட்டருக்காவது, எஃகு வலை போர்த்திய டெஃப்லான் குழாய் வேண்டும். அதைத் தாண்டிய பிறகு மற்றது போதும். அடுத்து, மரைகள். அமெரிக்கப் பொருட்கள் பெரும்பாலும் என்.பி.டி. மரையில் வருகின்றன, நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பி.எஸ்.பி. மரை. கால் அங்குல அளவில் முன்னது அங்குலத்துக்கு 18 புரி, பின்னது 19 புரி. புரியின் கோணமும் வேறு. இரண்டும் முதல் இரண்டு சுற்றுக்கு ஒன்றோடொன்று ஏறும், பிறகு கடித்துக்கொள்ளும். டெஃப்லான் நாடாவை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அந்தக் கசிவு நிற்காது. வாங்கும்போதே எந்த மரை என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரே வகையில் வைத்துக்கொள்ள வேண்டும். பொருத்தி முடித்ததும் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு மூட்டிலும் தடவிப் பார்ப்பது பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டியில் முக்கிப் பார்ப்பதற்கு ஒப்பானது. அதைச் செய்யாமல் பட்டறையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

காற்றுத் தொட்டி வைக்கவில்லையா என்று பார்த்தவர்கள் அனைவரும் கேட்டார்கள். வைக்கவில்லை. நான்கு லிட்டர் தொட்டியை 150 பி.எஸ்.ஐ. வரை நிரப்பினாலும், அது 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கும் வரை நமக்குக் கிடைப்பது சுமார் 33 லிட்டர் வெளிக்காற்று. ஒரு டயருக்கு வேண்டியதில் பாதி. அந்தப் பாதியையும் கம்ப்ரசர்தான் முன்கூட்டியே நிரப்பியிருக்க வேண்டும். ரிம்மிலிருந்து கழன்ற டயரை மறுபடி உட்கார வைக்கும்போது, ஒரே மூச்சில் பாயும் காற்று தேவை. அந்த ஒன்றுக்குத் தொட்டி உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படி வைக்கிறவர்கள் பழைய கேஸ் சிலிண்டரையோ தீயணைப்பு உருளையையோ, அதைவிட மோசமாக பி.வி.சி. குழாயையோ தொட்டியாக்கக் கூடாது. பி.வி.சி. உடையும்போது கண்ணாடிச் சில்லுகளைப் போலத் தெறிக்கும். சோதித்துச் சான்று பெற்ற தொட்டி, பாதுகாப்பு வால்வு, அடியில் நீர் வடிக்கும் திருகு ஆகிய மூன்றும் இல்லாமல் தொட்டியே வேண்டாம். வெளிநாடுகளில் இரும்பு பம்பரையே தொட்டியாக்கும் பழக்கம் உண்டு. முன்புற இரும்புக் காப்புச் சட்டங்கள் சட்டப்படி ஏற்கத்தக்கவையல்ல என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அறிவுறுத்திய பிறகு, இங்கே அந்த யோசனைக்கே இடமில்லை.

இனி, பயன்பாட்டில் கண்டது. ஒரு டயராக மாற்றி மாற்றி நிரப்புவதைவிட, நான்கு வாய்களுள்ள குழாயை ஒரே நேரத்தில் நான்கு டயர்களிலும் மாட்டி நிரப்புவதே இந்தக் கம்ப்ரசரின் முழுப் பயனைத் தருகிறது. நான்கும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அழுத்தம் தானாகவே சமமாகிவிடுகிறது. ஒரே ஓர் அளவுமானியைப் பார்த்தால் போதும். 15-லிருந்து 30-க்கு வர நான்கு நிமிடத்துக்கு அருகில் ஆகிறது. கணக்கு சொன்ன இரண்டு நிமிடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி மெல்லிய குழாயின் தடையால் வருவது. எட்டு மி.மீ.க்குக் குறையாத உள்விட்டம் கொண்ட குழாயைத் தேடி வாங்குவது பயன் தரும். மணலில் ஓடிச் சூடான டயரில் எடுக்கும் அளவு, குளிர்ந்தபின் எடுப்பதைவிட அதிகமாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஐந்தரை டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. மாறும். ஆகவே தார்ச்சாலையில் ஏறும் முன் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாக நிரப்பி, மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையில் சரிசெய்வது என் வழக்கம்.

குறைகள் இல்லாமல் இல்லை. விலை மிக அதிகம். பல டயர்களின் விலைக்குச் சமம், பொருத்தும் செலவு தனி. உதிரிப் பாகங்கள் இங்கே அருகில் கிடைப்பதில்லை. வடிகட்டியும் அழுத்த சுவிட்சும் ஒவ்வொன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வண்டிக்குள் வைத்திருப்பதால், நிரப்பும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்ள முடியாது. மோட்டாரின் காப்புத்தரம் ஐ.பி. 55, தூசியையும் பீய்ச்சும் நீரையும் தாங்கும், மூழ்குவதைத் தாங்காது. கார்த்திகையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாயும்போது நீரைக் கடக்கிறவர்கள் காற்று உள்ளிழுக்கும் வடிகட்டியைச் சிறு குழாய் வைத்துக் கூரையை ஒட்டிய உயரத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். எங்கள் செம்மண் புழுதிக்கும் அது உதவுகிறது. ஆனாலும் கோடையில் வடிகட்டியை அடிக்கடி கழற்றிப் பார்த்தால், உள்ளே காவி படிந்திருப்பது தெரியும்.

எல்லோருக்கும் இரட்டை மோட்டார் வேண்டும் என்று சொல்லமாட்டேன். சுசூகி ஜிம்னியின் 195/80 ஆர் 15 டயரின் கொள்ளளவு சுமார் 42 லிட்டர். நான்குக்கும் சேர்த்து 170 லிட்டருக்குள் முடிந்துவிடும். ஒற்றை மோட்டார் அதை மூன்றரை நிமிட ஓட்டத்தில் நிரப்பும். மின்சாரமும் பாதிதான், ஆகவே 10 சதுர மி.மீ. கம்பியே தாராளம். தார், கூர்க்கா போன்ற பெரிய டயர் வண்டிகளிலும், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் மணலில் இறங்குகிறவர்களுக்குத் தரமான கையடக்கக் கம்ப்ரசரே போதுமானது. அடிக்கடி இறங்குகிறவர்களும், நான்கைந்து வண்டிகளாகச் சேர்ந்து போய் மற்றவர்களின் டயர்களையும் நிரப்பித் தர வேண்டிய நிலையில் இருப்பவர்களும் மட்டுமே இரட்டை மோட்டாருக்கான செலவைச் செய்யலாம். பணம் குறைவாக இருந்தால் ஒற்றை மோட்டாரை வாங்கி, மிச்சத்தைக் கேபிளிலும் எஃகு வலைக் குழாயிலும் நல்ல மின்பணியாளரின் கூலியிலும் போடுங்கள். பின்னொரு நாள் இரட்டை மோட்டார் வாங்கினாலும், முதலிலேயே 25 சதுர மி.மீ. கேபிள் இழுத்திருந்தால் அதே இடத்தில் அதே கம்பியில் மாட்டிக்கொள்ளலாம்.